டயர் சோதனை, ஏழு நிமிடம்

பதினாறு வருஷத்தை அழிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? கம்ப்யூட்டரில் ஒரு பட்டனை மூன்று விநாடி அமுக்கிப் பிடித்தால் போதும். விசிலக்கா அப்படித்தான் அழித்தாள். யாரும் கையைப் பிடித்து அமுக்கவில்லை, அவளே தன் விரலால் அமுக்கினாள். பக்கத்தில் உட்கார்ந்து அழிக்கச் சொன்னது வேலை வாங்கித் தரும் ஏஜென்சியில் இருந்த ஒரு சின்னப் பெண்.

"அக்கா, இந்த பஸ் கண்டக்டர் வேலையெல்லாம் ரெஸ்யூம்ல வேண்டாம்கா. பார்த்த உடனே ஓரமா வச்சிடுவாங்க."

"அப்ப பதினாறு வருஷமா நான் என்ன பண்ணிட்டு இருந்தேன்னு கேட்டா?"

"வீட்டைப் பார்த்துட்டு இருந்தேன்னு சொல்லிடுங்க. அதை யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க."

நியாயத்தைப் பாருங்கள். தினம் ஆயிரம் பேர் ஏறி இறங்கும் வண்டியில் நின்றுகொண்டே உழைத்தேன் என்று உண்மையைச் சொன்னால் கேவலமாம். வீட்டில் இருந்தேன் என்று பொய் சொன்னால் கௌரவமாம். வீட்டில் இருப்பவள் மட்டும் என்ன, காலை ஆட்டிக்கொண்டா இருக்கிறாள்? அந்தப் பேச்சை எடுத்தால் இன்று முடியாது, விடுங்கள்.

அவளுக்கு விசில் என்று பேர் வைத்தது டிப்போ. ஒரு விசிலுக்கு வண்டி நிற்க வேண்டும், இரண்டு விசிலுக்குக் கிளம்ப வேண்டும். அவள் ஊதினால் முன்னால் போகும் வண்டிக்காரனும் சேர்ந்து பிரேக் போடுவான் என்று கேலி செய்வார்கள். நாற்பது வயது வரை அப்படி ஊதியவளை முழங்கால் கவிழ்த்துவிட்டது. எலும்பு தேய்ந்துவிட்டது, இனிமேல் நின்றுகொண்டு பார்க்கும் வேலை கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். டிப்போ ஆபீசில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கேட்டாள். உனக்கு முன்னால் முப்பது பேர் வரிசையில் இருக்கிறார்கள் என்றார்கள். அந்த முப்பதில் பாதிப் பேருக்கு முழங்கால் நன்றாகத்தான் இருந்தது, சிபாரிசுதான் கூடுதலாக இருந்தது. போங்கடா நீங்களும் உங்கள் நாற்காலியும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

சும்மா இருக்க முடியுமா? புருஷன் வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறவர், மகள் காலேஜில் இரண்டாம் வருஷம். பஸ் ஓடும் சாலையிலேயே ஒரு மாடியில் சாப்ட்வேர் டெஸ்டிங் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் போர்டைப் பதினாறு வருஷமாக ஜன்னல் வழியாகப் பார்த்தவள் ஒருநாள் படியேறிவிட்டாள். முதல் வகுப்பில் வாத்தியார் சொன்னார்: "செஞ்சவன் சரியா இருக்குன்னு சொல்லுவான். நம்பாதீங்க. நீங்களே போட்டுப் பாருங்க." விசிலக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போன மாசமே முடிந்துபோன பாஸை, தேதி மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டு காட்டுகிறவனிடம் "விரலை எடுங்க தம்பி" என்று சொல்லிச் சொல்லியே பிழைத்தவள் அவள். இதைப் படிப்பு என்று சொல்லித் தனியாக வேறு நடத்துகிறார்களா என்று நினைத்தாள்.

படித்து முடித்ததும் அறுபத்து மூன்று இடத்துக்கு விண்ணப்பம் போட்டாள். கூப்பிட்டது ஐந்து இடம். ஒரு இடத்தில் கேட்டார்கள், "டென்ஷனான நேரத்துல எப்படி சமாளிப்பீங்க?" ஐம்பது பேர் வண்டியில் தொண்ணூறு பேரை ஏற்றிக்கொண்டு, வலி கண்ட கர்ப்பிணிக்கு வழி விடச் சொல்லிக்கொண்டு, குடித்துவிட்டுக் கத்தியவனை இறக்கிவிட்டு, அதற்குள் சில்லறையும் சரியாகக் கொடுத்தவளிடம் இந்தக் கேள்வி! ஆனால் வாயைத் திறக்க முடியுமா? வீட்டில் அல்லவா இருந்தாள்? "பொறுமையா இருப்பேன்" என்று சொல்லிவிட்டு, வயிற்றெரிச்சலோடு படியிறங்கி வந்தாள்.

கடைசியாக ஒரு நாலாவது மாடிக் கம்பெனி எடுத்துக்கொண்டது. ஆறு மாதம் தகுதிகாண் காலம், அதற்குப் பிறகு நிரந்தரம். நாற்பத்தொரு வயதில் கழுத்தில் 'பயிற்சியாளர்' என்று அட்டை. டீம் லீடருக்கு இருபத்தாறு வயது. அவள் அவனைத் தம்பி என்பாள், அவன் அவளை அக்கா என்பான். முதல் நாலு மாதம் கடைகளுக்கான பில் போடும் சாப்ட்வேரை நோண்டி நோண்டிக் குற்றம் கண்டுபிடித்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிறாள் அக்கா என்று பேர் வாங்கினாள்.

ஐந்தாவது மாதம் டீம் லீடர் வந்து சொன்னான். "அக்கா, உங்களை புது வேலைக்கு மாத்தறோம். பஸ் டைம் டேபிள் போடற சாப்ட்வேர். நம்ம ஊர் பஸ்ஸுக்குத்தான். பஸ்ஸைப் பத்தி ஒண்ணும் தெரியலைன்னாலும் பரவாயில்ல, டாக்குமெண்ட் எல்லாம் இருக்கு."

எதை மறைத்தாளோ அதுவே வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டது. தலையை ஆட்டினாள். வேறென்ன செய்வாள்? மறைத்தது தெரிந்தால் பொய் சொல்லிச் சேர்ந்தாள் என்று அனுப்பிவிடுவார்களோ என்று பயம்.

வேலை இதுதான். வண்டி ஒவ்வொரு முறை கடைசி ஸ்டாப்புக்குப் போய்ச் சேர்ந்ததும் கண்டக்டர் ஒரு தாளில் வந்த நேரம், கிளம்பிய நேரம், தாமதமானால் காரணம் எழுத வேண்டும். காரணங்கள் ஒன்பது, தாளிலேயே அச்சடித்திருக்கும். இஞ்சின், பிரேக், டயர், விபத்து, நெரிசல், மழை, ஊர்வலம், போலீஸ், தகராறு. அப்படி எழுதின இரண்டு வருஷத் தாள்களைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றியிருந்தார்கள். எங்கெங்கே நேரம் வீணாகிறது என்று கண்டுபிடித்து அதை வெட்டுவது சாப்ட்வேரின் வேலை. வெட்டியது சரிதானா என்று பார்ப்பது விசிலக்காவின் வேலை.

முதல் நாளே தன் பழைய பேட்ஜ் எண்ணைத் திரையில் பார்த்தாள். அவள் வேலையை விட்டு ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. அவள் எழுதிய கடைசி ஆறு மாதத் தாள்கள் அதில் இருந்தன. எண்ணுக்குப் பக்கத்தில் வரிசையாக ஒரே காரணம். டயர் சோதனை, ஏழு நிமிடம். டயர் சோதனை, ஏழு நிமிடம். ஒரு நாளைக்கு நாலு தடவை. அவளுடைய எண் மட்டுமில்லை, நாற்பது எண்கள் அப்படி இருந்தன.

சாப்ட்வேர் என்ன செய்தது தெரியுமா? டாக்குமெண்டில் நூற்றுப் பதினாலாவது விதி: டயரைக் காலையில் டிப்போவில் ஒரு தடவை பார்த்தால் போதும், வழியில் பார்ப்பது வீண், நீக்கு. நீக்கிவிட்டது. கடைசி ஸ்டாப்பில் இனி இரண்டே நிமிடம். வண்டிக்கு ஒரு டிரிப் மிச்சம் என்று கண்டுபிடித்த அன்று அந்த டீமே கைதட்டிக்கொண்டதாம், கேக்கும் வெட்டினார்களாம்.

இந்த டயர் விஷயத்தை இப்போது சொல்லிவிடுகிறேன்.

விசிலக்கா வேலைக்குச் சேர்ந்தபோது டிப்போவில் பெண் கண்டக்டர்கள் மூன்றே பேர். கடைசி ஸ்டாப்பில் வண்டி நின்றதும் டிரைவர் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்பார், அரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். பெண் எங்கே போவாள்? பழுது பார்க்கும் ஷெட்டுக்குப் பின்னால் சிமெண்ட் ஷீட் போட்ட ஒரு அறை இருந்தது. சாவி ஸ்டாப்புக்குப் பக்கத்துக் கடையில் ஆணியில் தொங்கும். சாவியை வாங்கி, நடந்து போய், வாளியில் தண்ணீர் பிடித்து, தாழ்ப்பாள் இல்லாத கதவை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, முடித்து, சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வர ஏழு நிமிடம். ஓடினால் ஆறு. முதல் வாரமே நேரம் குறிக்கும் அலுவலர் பிடித்துக்கொண்டார். "ஏன்மா ஏழு நிமிஷம் லேட்? காரணம் எழுது." ஒன்பது காரணத்தையும் மேலும் கீழும் பார்த்தாள். இருபத்து நாலு வயதுப் பெண், சுற்றிலும் ஆண்கள். காது மடல் வரைக்கும் கூசியது. டிரைவர் நல்ல மனுஷன். "டயர் பார்த்தோம்னு போடும்மா" என்றார். சுத்தப் பொய்யாகிவிடக் கூடாது என்று இறங்கிப் போய்ப் பின் டயரை ஒரு உதை உதைத்துவிட்டும் வந்தார்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. புதிதாக வருகிற பெண்ணுக்கு டிக்கெட் கிழிக்கச் சொல்லிக் கொடுக்கும்போதே இதையும் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். "அவசரம்னா டயர்னு எழுது." டிரைவர்கள் ஒரு உதை உதைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். நாற்பது பெண்கள், பதினாறு வருஷம். ஒரு மேலதிகாரிக்காவது, ஏனப்பா இந்தப் பெண்கள் ஏறும் வண்டியில் மட்டும் டயரைத் தினம் நாலு தடவை பார்க்கிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லையே! தோன்றியிருந்தால் அந்தக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாளாவது வந்திருக்கும்.

விசிலக்காவுக்கு மனசு குறுகுறுத்தது. முதல் பொய்யை எழுதினது அவள்தானே. அந்த ஞாயிற்றுக்கிழமை பழைய சிநேகிதியைப் பார்க்கப் போனாள். அவளை எல்லோரும் நாற்பத்தேழு என்றுதான் கூப்பிடுவார்கள், பத்து வருஷமாக நாற்பத்தேழாம் நம்பர் வண்டியில் கண்டக்டர். போனால் நாற்பத்தேழு போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள், காய்ச்சல்.

"என்னடி ஆச்சு?"

"நீர்க்கடுப்புல ஆரம்பிச்சுது, காய்ச்சல்ல வந்து நிக்குது. மூணு வாரமா எங்க ரூட்ல புது டைம் டேபிள் போட்டுப் பாக்கறாங்கடி. கடைசி ஸ்டாப்புல ரெண்டே நிமிஷம். சாவி வாங்கப் போறதுக்குள்ள டிரைவர் ஹார்ன் அடிக்கறார். அவர் மேல தப்பில்ல, ஏதோ மெஷின் வச்சிருக்காங்க, லேட்டானா கத்துது."

"அப்ப என்னடி பண்றே?"

"தண்ணி குடிக்கறதில்ல. வாயைக் கொப்புளிச்சுத் துப்பிடுவேன், முழுங்க மாட்டேன். வீட்டுக்கு வந்துதான் தண்ணி. டாக்டர் திட்டறார், இப்படியே போனா கிட்னிக்கு ஆபத்துன்னு. அவருக்கென்ன, அவர் ரூமுக்குள்ளேயே பாத்ரூம் இருக்கு."

அந்த மெஷினுக்குப் பின்னால் இருப்பது தன் கம்பெனியின் சாப்ட்வேர் என்று விசிலக்கா சொன்னாள். நாற்பத்தேழு எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அடிப்பாவி! அப்ப நீ அங்க இருந்துட்டு இதைப் பாத்துட்டா இருக்கே?"

"நான் சொல்லிடறேன்டி. டயர்னா என்னன்னு சொல்லிடறேன்."

"ஐயையோ, வேண்டாம். பொய்க் காரணம் எழுதினோம்னு நாப்பது பேருக்கும் மெமோ குடுப்பான். இன்க்ரிமெண்ட் போகும். விட்டுடு, நாங்க எப்படியாவது சமாளிச்சுக்கறோம்."

எப்படிச் சமாளிப்பார்கள்? தண்ணீர் குடிக்காமல்தான்! சொன்னாலும் அடி அவர்களுக்கு, சொல்லாவிட்டாலும் அடி அவர்களுக்கு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது இதுதான்.

விசிலக்கா முதலில் நயமாகப் போனாள். தன்னைக் காட்டிக்கொள்ளாமல் காரியத்தை முடிக்கப் பார்த்தாள். நூற்றுப் பதினாலாவது விதிக்கு 'ஃபெயில்' என்று போட்டு, இரண்டு நிமிடம் மனிதர்களுக்குப் போதாது என்று எழுதினாள். டீம் லீடர் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான்.

"அக்கா, டாக்குமெண்ட்ல நீக்குன்னு இருக்கு. சாப்ட்வேர் நீக்கிடுச்சு. அப்புறம் எப்படி ஃபெயில்?"

"டாக்குமெண்டே தப்பு தம்பி."

"டாக்குமெண்ட் சரியா தப்பான்னு பாக்கறது நம்ம வேலை இல்லக்கா. டாக்குமெண்ட் சொன்னதை செய்யுதான்னு பாக்கறதுதான் வேலை."

"நீங்க கடைசியா எப்ப பஸ்ல போனீங்க?"

"காலேஜ் படிக்கும்போது. ஏன்கா?"

"சும்மாதான் கேட்டேன்."

அவன் 'பிழை இல்லை' என்று போட்டு மூடினான். அவள் திறந்தாள். மறுபடி மூடினான். மறுபடி திறந்தாள். மூன்றாவது தடவை அவன் அலுத்துப்போய் பஸ் நிர்வாகத்துக்கே கேள்வியை அனுப்பினான். பதில் வந்தது: நாலு ஊழியர்களிடம் நேரில் கேட்டோம், இரண்டு நிமிடம் தாராளமாகப் போதும் என்கிறார்கள். யார் அந்த நாலு பேர் என்று பட்டியலைப் பார்த்தாள். நாலும் டிரைவர்கள், நாலும் ஆம்பிளைகள்! சுவரைப் பார்த்து நிற்கிறவனிடம் போய்க் கேட்டால் அவன் போதாது என்றா சொல்லுவான்? அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

வீட்டில் சொன்னாள். புருஷன் கையைக் கழுவிக்கொண்டே கேட்டுவிட்டு, "வேலை நிரந்தரம் ஆக இன்னும் எத்தனை நாளு?" என்றார்.

"பதினோரு நாள்."

"பதினோரு நாள் வாயை மூடிட்டு இரும்மா. அப்புறம் சொல்லு. யாரு வேண்டாம்னா?"

"வர்ற வியாழக்கிழமை பஸ் ஆபீஸ்ல இருந்து பெரிய அதிகாரி வந்து கையெழுத்துப் போடறார்ங்க. போட்டுட்டா ஒண்ணாந்தேதியிலிருந்து எல்லா டிப்போவுக்கும் போயிடும். அப்புறம் மாத்தணும்னா ஒரு வருஷம்."

மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "அம்மா, நீயும் தண்ணி குடிக்காமதான் வேலைக்குப் போவியா?"

"ஏழு நிமிஷம் இருக்கும்போதே அளந்துதான் குடிப்பேன்."

"நீ வீட்டுக்கு வந்ததும் நின்னுட்டே ரெண்டு சொம்பு தண்ணி குடிப்பே. வெயில்ல வந்ததால தாகம்னு நெனச்சேன். மழைக்காலத்துலயும் குடிப்பே."

புருஷன் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். இருபது வருஷத்துக்கு மேலாக ஒரே வீட்டில் இருந்தும் அவருக்கு இது தெரியாது. "சரி, சொல்லிடு" என்றார்.

வியாழக்கிழமை காலை பத்து மணி. கண்ணாடி அறையில் நீள மேஜை. ஒரு பக்கம் போக்குவரத்து அதிகாரியும் அவர் கூட வந்த இரண்டு பேரும். மறு பக்கம் கம்பெனி மேனேஜர், டீம் லீடர், புரோகிராம் எழுதுகிற மூன்று பேர், ஓரத்தில் விசிலக்கா. எல்லோருக்கும் முன்னால் ஒவ்வொரு தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார்கள். அவள் கண் அதிலேயே போய்ப் போய் நின்றது.

டீம் லீடர் திரையைக் காட்டி முடித்தான். "எல்லா டெஸ்டும் பாஸ், சார்."

"ஒண்ணு ஃபெயில்" என்றாள் விசிலக்கா.

பெரிய சத்தமில்லை. ஆனால் பஸ்ஸின் பின் படிக்கட்டு வரைக்கும் கேட்டுப் பழகின குரல். எல்லோரும் திரும்பினார்கள்.

"அக்கா, அது மூடியாச்சு" என்றான் டீம் லீடர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீங்க மூடினீங்க தம்பி. நான் மூடல." அவள் அதிகாரியைப் பார்த்தாள். "சார், நூத்திப் பதினாலு. டயர் சோதனை. அதை எடுக்கக் கூடாது."

அதிகாரி சிரித்தார். "டயரை எப்ப பாக்கணும்னு எங்களுக்குத் தெரியும்மா. நீங்க கம்ப்யூட்டரைப் பாருங்க."

"அது டயர் இல்ல சார். பொம்பளைங்க ஒண்ணுக்குப் போற நேரம்."

ஒருவர் பேனா மூடியைத் திருகினார், ஒருவர் மேஜையைப் பார்த்தார். மேனேஜர் இருமினார். சொன்னவளுக்கு இல்லாத கூச்சம் கேட்டவர்களுக்கு வந்துவிட்டது.

"இது உங்களுக்கு யார் சொன்னாங்க?" என்றார் அதிகாரி.

"யாரும் சொல்லல. நான் எழுதினது. திரையில அஞ்சாவது வரி பாருங்க, அந்த பேட்ஜ் நம்பர் என்னோடது. பதினாறு வருஷம் உங்க வண்டியில கண்டக்டரா இருந்தேன்."

மேனேஜர் டீம் லீடரைப் பார்த்தார், டீம் லீடர் அவளைப் பார்த்தான். போச்சு, பதினோரு நாளும் போச்சு என்று அவளுக்குத் தெரிந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன?

அதிகாரியின் முகம் சிவந்துவிட்டது. "அப்படின்னா இது பொய்ப் பதிவு. அரசாங்கத் தாள்ல பொய் எழுதினதுக்கு என்ன நடவடிக்கைன்னு தெரியுமில்ல? இந்த நாப்பது பேருக்கும் மெமோ போகும்."

இதைத்தான் நாற்பத்தேழு பயந்தாள். விசிலக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். உட்கார்ந்துகொண்டு அவளுக்குச் சண்டை போட வராது.

"தாராளமா குடுங்க சார். முதல் பொய் நான் எழுதினது, மத்தவங்க என்னைப் பார்த்து எழுதினவங்க. ஆனா மெமோன்னா காரணம் எழுதணுமில்ல? என்னன்னு எழுதுவீங்க? 'ஒண்ணுக்குப் போனதை டயர்னு எழுதினாள்'னு உங்க கையால எழுதுவீங்களா? கீழ உங்க கையெழுத்து இருக்கும். நாப்பது காப்பி போகும். ஒண்ணு பத்திரிகைக்குப் போகாதுன்னு என்ன நிச்சயம்? எழுத முடியும்னா எழுதுங்க. உங்களுக்கே எழுதக் கூசுதுன்னா, இருபத்து நாலு வயசுல எனக்கு எப்படி சார் கூசியிருக்கும்? ஒம்பது காரணம் அச்சடிச்சீங்க. ஊர்வலம்கூட இருக்கு. எங்களுக்கு ஒரு கட்டம் போட்டீங்களா?"

அதிகாரி கூட வந்த இரண்டு பேரையும் பார்த்தார்.

"பதினாறு வருஷமா தினம் நாலு தடவை டயர் பார்த்திருக்கோம். ஒரு டயர் மாத்தினதா கணக்கு இருக்கா? ஏன்னு ஒருத்தர் கேட்டீங்களா? இப்ப நாப்பத்தேழாம் நம்பர் வண்டியில ஒருத்தி தண்ணியே குடிக்காம காய்ச்சல்ல படுத்திருக்கா. உங்க முன்னாடி பாட்டில் இருக்கு சார். இந்த அரைமணி நேரத்துல நீங்களே ரெண்டு தடவை குடிச்சிட்டீங்க."

அவர் கை பாட்டில் பக்கத்திலிருந்து நகர்ந்தது. புரோகிராம் எழுதுகிறவர்களில் ஒரு பெண் உண்டு. இத்தனை மாதத்தில் விசிலக்காவிடம் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். அவள் யாரையும் கேட்காமல் லேப்டாப்பைத் திறந்தாள்.

"அக்கா, ஏழு நிமிஷம் போதுமா?"

பதினாறு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. "எட்டு போடும்மா. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பேரம். பத்தாவது காரணத்துக்கு 'இதரம்' என்று பேர் வைக்கலாம் என்றார் அதிகாரி. இதரம் என்று போட்டால் அடுத்த வருஷம் இன்னொரு புத்திசாலி வந்து வெட்டுவான் என்றாள் விசிலக்கா. 'சொந்தத் தேவை' என்றார். வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டு வந்தார்கள் என்று அர்த்தமாகும் என்றாள். கடைசியில் 'கழிப்பறை' என்று அச்சாயிற்று. எட்டு நிமிடம், சாப்ட்வேர் தொட முடியாத எட்டு நிமிடம். மெமோவைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் மூச்சு விடவில்லை. தாழ்ப்பாள் மட்டும் வேறு இலாகாவாம், கடிதம் எழுத வேண்டுமாம். ஒரு தாழ்ப்பாளுக்கு ஒரு இலாகா!

பதினோராம் நாள் விசிலக்காவுக்கும் ஒரு கடிதம் வந்தது. வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பினால், இந்த விஷயம் தெரிந்த ஒரே ஆளை அனுப்பினது ஏன் என்று பஸ் நிர்வாகம் கேட்குமே. கடிதம் இப்படிச் சொன்னது: விண்ணப்பத்தில் முந்தைய வேலையை மறைத்தது தவறு. எனினும் அந்த அனுபவம் தற்போதைய பணிக்குத் தொடர்பற்றது என்பதால் கடும் நடவடிக்கை தவிர்க்கப்படுகிறது. தகுதிகாண் காலம் மேலும் ஆறு மாதம் நீட்டிக்கப்படுகிறது.

தொடர்பற்றதாம்! அவர்களுடைய சாப்ட்வேர் நாற்பது பெண்களை ஆஸ்பத்திரியில் படுக்க வைக்காமல் காப்பாற்றியது எந்த அனுபவம்? நாலு வருஷம் எஞ்சினியரிங் படித்த டீம் லீடரின் அனுபவமா? கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தவன் அவன்தான். கண்ணைப் பார்க்காமல், "சாரிக்கா, எனக்கே ஒண்ணும் புரியல" என்றான்.

"விரலை எடுங்க தம்பி" என்றாள்.

"என்னக்கா?"

"'தொடர்பற்றது' மேல விரலை வச்சு மறைச்சிருக்கீங்க. எடுங்க, படிச்சாச்சு."

அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் விசிலக்கா தன் ரெஸ்யூமைத் திறந்தாள். வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்ற வரியை அழித்தாள். அந்த இடத்தில் பதினாறு வருஷத்தையும் ஒவ்வொரு வரியாகத் திருப்பி எழுத ஆரம்பித்தாள். அழிப்பதற்கு மூன்று விநாடி. எழுத எழுத முடியவே இல்லை. இதைப் பார்த்துவிட்டு எவன் வேலை கொடுக்கிறானோ அவனிடம் போகிறேன், இல்லாவிட்டால் இங்கேயே இருந்து இவர்கள் கழுத்தைப் பிடித்து நிரந்தரம் வாங்குகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நாற்பத்தேழு.

"கடைசி ஸ்டாப்புல இருந்து பேசறேன்டி. காரணம் பத்துன்னு எழுதிட்டேன். நேரம் குறிக்கறவர் பார்த்தார், ஒண்ணும் சொல்லல, சீல் குத்திட்டார்."

"தண்ணி குடிச்சியா?"

"காலையில கிளம்பும்போதே ரெண்டு டம்ளர் குடிச்சேன். கையில ஒரு பாட்டில் வேற இருக்கு."

"டிரைவர் என்ன சொன்னார்?"

"அதை ஏன் கேக்கறே, பழக்க தோஷம்! நான் கழிப்பறைன்னு எழுதி முடிச்ச அப்புறமும் இறங்கிப் போய் டயரை ஒரு உதை உதைச்சுட்டு வந்துதான் வண்டியை எடுக்கறார்."

போனுக்குள் இரண்டு விசில் கேட்டது. நாற்பத்தேழு கிளம்பிவிட்டாள். விசிலக்கா அடுத்த வரியைத் தட்டினாள்.